வீட்டுக்குப் பின்னால் கொட்டிய மண் மழைக்குச் சேறாக இறங்குகிறது. சுவரா, செடியா?

மலையடிவீடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. மூன்று வருடம் முன்பு மேல் மனைக்காரர் தன் இடத்தைச் சமப்படுத்தும்போது, வெட்டிய மண்ணையெல்லாம் விளிம்பிலிருந்து அப்படியே கீழே தள்ளிவிட்டார். அடுத்த மழைக்கே புல் முளைத்துப் பச்சையாகிவிட்டதால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் இரண்டு நாள் விடாமல் மழை. இரண்டாம் நாள் விடியற்காலையில் ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். பின்கதவு பாதிதான் திறந்தது. வெளியே முழங்கால் அளவுக்குச் சேறு. அதன் மேல் புல், வேரும் மண்ணுமாகப் பாய் சுருட்டினதுபோல் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நேற்று வெயில் அடித்ததும் டேப் வைத்து அளந்தேன். சரிவின் உயரம் 5 மீட்டர். மேல் விளிம்பிலிருந்து அடிவரை கிடைமட்டமாக 6 மீட்டர். அடியிலிருந்து வீட்டுச் சுவர் 3 மீட்டர். வந்து பார்த்த ஒருவர் 3 மீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுப்பச் சொல்கிறார். இன்னொருவர் சுவரே வேண்டாம், செடி நட்டால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கருங்கல்மேஸ்திரி

சுவர்தான் தம்பி. இருபத்தாறு வருடமாகக் கல் கட்டுகிறேன். அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையாமல், கெட்டித் தரையில் கடைக்கால் போட்டுக் கட்டினால் அசையாது. செடி முளைத்து வேர் விடுகிற வரைக்கும் மழை காத்துக்கொண்டு நிற்குமா?

வெட்டிவேர்ப்பித்தன்

மேஸ்திரி அண்ணனுக்கு மரியாதையுடன் ஒரு மறுப்பு. சுவர் மண்ணை அடியில் நின்று தாங்குகிறது, வேரோ மண்ணுக்குள்ளேயே போய்ப் பின்னுகிறது. வெட்டிவேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே போகும், நல்ல மண்ணில் 3 மீட்டர்கூட இறங்கும். அதன் வேரின் இழுவிசை வலிமை சராசரியாக 75 மெகாபாஸ்கல் என்று அளந்திருக்கிறார்கள். சாதாரண எஃகுக் கம்பியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, அதுவும் ஒரு புல்லுக்கு! உலகம் முழுக்க 'வெட்டிவர்' என்று சொல்கிறார்களே, அது நம்ம வெட்டிவேர்தான்.

ஈரமண்

மலையடிவீடு, சுவரா செடியா என்ற பேச்சு அப்புறம். நான் மண் பொறியியல் வேலையில் இருக்கிறேன். முதலில் இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மேலே ஏறி, விளிம்பிலிருந்து உள்ளே இரண்டு மூன்று மீட்டர் தூரத்துக்குத் தரையில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். புல்லை விலக்கிப் பார்க்க வேண்டும், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. மேல் வீட்டுக் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? கழிவுநீர் உறிஞ்சுகுழி எந்தப் பக்கம்? மழை நின்று இத்தனை நாள் ஆன பிறகும் சரிவில் எங்காவது ஈரம் கசிகிறதா? சரிந்து வந்த சேற்றுக்குள் கறுத்த, மக்கிய புல் கலந்திருக்கிறதா?

விடை தெரிகிற வரை, மழை பெய்தால் பின்பக்க அறையில் யாரும் படுக்காதீர்கள். இன்னொன்று, இறங்கிக் கிடக்கும் சேற்றை அவசரப்பட்டு வழித்து எடுக்க வேண்டாம். இப்போதைக்கு அதுதான் அடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

மலையடிவீடு

அக்கா, நீங்கள் கேட்டதைப் பார்க்கப் போய்த்தான் எனக்குப் பயமே வந்தது.

விரிசல் இருக்கிறது. விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே, பிறை வடிவத்தில், ஏழு மீட்டர் நீளம். என் சுண்டுவிரல் போகிறது. மேல் வீட்டுக் கூரைக் குழாய் இரண்டும் நேராக அந்த விளிம்பில்தான் முடிகின்றன. விழுகிற இடத்தில் மண் அரித்து ஒரு குடம் வைக்கிற அளவுக்குக் குழி. உறிஞ்சுகுழியும் இந்தப் பக்கம்தான். சரிவின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் ஓர் இடம் இன்னும் நசநசவென்று ஈரமாக இருக்கிறது. சேற்றைக் கிளறினேன், நீங்கள் சொன்ன மாதிரியே கறுப்பாக, சாணி எருவைப் போல ஓர் அடுக்கு.

ஈரமண்

அப்படியானால் ஓரளவு விளங்கிவிட்டது. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வது எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது.

கொஞ்சம் ஈரமான மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும். காயவைத்தால் உதிரும், தண்ணீரில் போட்டால் கரையும். அந்த உருண்டையைப் பிடித்து வைத்திருப்பது துகள்களுக்கு நடுவே இருக்கிற மெல்லிய நீர்ப்படலம், அதன் உறிஞ்சுவிசை. உங்கள் சரிவு 40 டிகிரி. காய்ந்த, தளர்ந்த மண் தானாக நிற்கிற கோணம் பெரும்பாலும் 30லிருந்து 35 டிகிரிதான். மூன்று வருடம் அது நின்றதே அந்த ஈரப் பிடிப்பில்தான். மழை மண்ணின் துளைகளை நிரப்பியதும் அந்தப் பிடிப்பு போய்விடும். அதோடு நிற்காது, துளைகளில் நிறைந்த நீர் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளத் தொடங்கும். துகள்கள் அழுந்தி உரசினால்தான் மண்ணுக்குப் பலம், அந்த அழுத்தத்தை நீர் வாங்கிக்கொள்கிறது. மண் இயக்கவியலுக்கே அடிப்படையான இந்த விஷயத்தைச் சூத்திரமாக்கிக் கொடுத்தவர் கார்ல் டெர்சாகி.

இப்போது 'தளர்ந்த மண்' என்கிற இடத்துக்கு வருகிறேன். படியில் தானியத்தைப் போட்டு விளிம்பைத் தட்டினால் மட்டம் இறங்கும் இல்லையா? கொட்டிய மண்ணும் அப்படித்தான், அசைந்தால் நெருங்கப் பார்க்கும். துளைகளில் காற்று இருந்தால் பிரச்சினை இல்லை. நீர் நிறைந்திருந்தால் நெருங்க இடமில்லை, நீரின் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். அந்த நொடியில் மண் திடப்பொருளாக இருப்பதை விட்டுவிட்டுக் கூழாக ஓடுகிறது. இறுக்கிக் கெட்டித்த மண் இதற்கு நேர்மாறு. அசையும்போது விரியப் பார்க்கும், அதனால் ஓடாமல் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே மண்தான், உள்ளே இருக்கிற வெற்றிடம்தான் வேறு. தளர்ந்த மண்ணில் ஒரு கனமீட்டருக்குள் 400 லிட்டருக்கு மேல் வெற்றிடம் இருக்கலாம்.

அந்தக் கறுப்பு அடுக்கு, பழைய புல்தரை. அதைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே கொட்டியிருக்கிறார்கள். இப்போது அது வழுக்குப் பலகை.

சந்தேகப்பேர்வழி

ஒரு கேள்வி. தண்ணீர் உள்ளே போவதுதான் பிரச்சினை என்றால், சரிவு முழுக்கச் சிமென்ட் பூசி மூடிவிட்டால் கதை முடிந்ததுதானே? எதற்கு இத்தனை அறிவியல்?

ஈரமண்

முடியாது. இதைச் செய்து பார்த்த ஊர் இருக்கிறது. ஹாங்காங்கில் சரிவுகளுக்குப் பூசும் ஒரு கலவைக்குப் பெயரே 'சுனம்'. நம் சுண்ணாம்புதான் அங்கே போய்ச் சுனமாகியிருக்கிறது. சிமென்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு மூன்று, மண் இருபது. மேல்நீரை அது ஓரளவு தடுக்கும். ஆனால் மேல் மனையிலிருந்து மண்ணுக்குள்ளேயே வருகிற நீருக்குப் பூச்சு ஒரு மூடி. வெளியேற வழியில்லாமல் பின்னால் தேங்கி அழுத்தும். பூச்சில் ஒரு விரிசல் விழுந்தால் அது வழியாகக் குடிக்கவும் செய்யும். பூசுவதென்றால் வடிதுளையோடு பூச வேண்டும், வருடா வருடம் விரிசலை அடைக்க வேண்டும்.

ஹாங்காங் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு சரிவுகள். சாவ் மாவ் பிங்கில் 71 பேர், போ ஷான் சாலையில் 67 பேர் இறந்தார்கள். சாவ் மாவ் பிங்கில் இறங்கியது, மேலிருந்து கொட்டிய மண்கரை. 1976 ஆகஸ்ட் 25 அன்று அதே சாவ் மாவ் பிங்கில் மறுபடியும் ஒரு கரை சரிந்து 18 பேர் போனார்கள். வெளியே பார்க்க நேர்த்தியான சரிவு. தோண்டிப் பார்த்தால் உள்ளே இறுக்கப்படாத மண். அப்போது கொடுத்த பரிந்துரை: மேலே குறைந்தது 3 மீட்டர் ஆழத்துக்கு மண்ணை எடுத்து, வடிகால் போட்டு, மறுபடி அடுக்கடுக்காக இறுக்கி வையுங்கள் என்பது. 1977இல் சரிவுகளுக்கென்றே தனி அரசு அலுவலகம் வந்தது. இன்றைக்கு அவர்கள் கணக்கில் மனிதர் வெட்டியும் கொட்டியும் உண்டாக்கிய சரிவுகள் 60,000 அளவில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

சரிந்தசுவர்

பெயரைப் பார்த்தாலே என் கதை தெரிந்திருக்கும்.

நான் கட்டிய சுவர் 3 மீட்டர். நல்ல கல், நல்ல கலவை. முதல் மழைக்காலம் தாங்கியது. இரண்டாவதில், நடுவில் தொந்தி போட்ட மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. சுவர் விழுந்த அன்று மாலை அதன் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பு உயரத்தில் ஒரு கல் இணைப்பிலிருந்து தண்ணீர் பென்சில் தடிமனில் பீச்சி அடித்தது. 'அட, தண்ணீர் வெளியே போகிறதே, நல்லதுதான்' என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் சுவர் போய்விட்டது.

பிறகு இடிபாட்டைக் கிளறியபோதுதான் தெரிந்தது. வடிதுளைக் குழாய்கள் இருந்தன. ஆனால் பின்பக்கம் ஜல்லியும் இல்லை, துணியும் இல்லை, மண்ணை நேரடியாகத் தள்ளியிருக்கிறார்கள். குழாய்களில் பாதி களிமண்ணால் அடைத்திருந்தது. மூன்று குழாய்களைக் கட்டும்போதே கலவை மூடியிருக்கிறது.

ஈரமண்

அந்தத் தண்ணீர் எவ்வளவு தள்ளியது என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். 3 மீட்டர் சுவருக்குப் பின்னால் வடிந்த மண் மட்டும் இருந்தால், நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 2.7 டன் தள்ளும். பின்னால் முழு உயரத்துக்கும் நீர் தேங்கினால், நீர் மட்டுமே 4.5 டன். மூழ்கிய மண் தள்ளுவதையும் சேர்த்தால் இரண்டு மடங்குக்கு மேல். சுவர் கட்டியவர் மண்ணுக்குத்தான் கட்டினார், வந்தது தண்ணீர்.

கருங்கல்மேஸ்திரி

சரிந்தசுவர் சொன்னது வலிக்கிறது, ஆனால் உண்மை. துளைக்குப் பின்னால் ஜல்லி போடாமல் கட்டுகிறவர்கள் நிறைய. கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு யாரும் கூலி கொடுக்க விரும்புவதில்லை, அதனால் செய்பவரும் செய்வதில்லை.

நான் செய்கிற விதம் இது. சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்குக் கழுவின ஜல்லி, அடியிலிருந்து மேல் வரை. அதற்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டும் துணி. அடியில் ஓட்டை போட்ட குழாய் ஒன்றைச் சரிவாகப் படுக்கவைத்து வெளியே விட்டுவிடுவேன். துளைகள் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை மாற்றி, வெளிப்பக்கம் சாய்வாக. கட்டி முடித்ததும் ஒவ்வொரு துளையிலும் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பேன். 'டங்' என்று ஜல்லியில் பட வேண்டும். 'பொத்' என்றால் கலவை அடைத்திருக்கிறது.

இந்த இடத்துக்கு 3 மீட்டர் சுவர் வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன். கம்பிவலைப் பெட்டியில் கல் அடுக்கி ஒன்றரை மீட்டர் போதும். அதில் வடிதுளையே தேவையில்லை, முழுச் சுவரும் ஓட்டைதான். கொஞ்சம் வளைந்தாலும் உடையாது. கல் மட்டும் வலைக்கண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சும்மா கொட்டக்கூடாது, கையால் அடுக்க வேண்டும். பின்னால் துணி கட்டாயம்.

வெட்டிவேர்ப்பித்தன்

எல்லோரும் என் வெட்டிவேரை மறந்துவிட்டீர்கள்.

சந்தேகப்பேர்வழி

மறக்கவில்லை. அந்தச் சரிவில் புல் இருந்தது, புல்லோடுதான் இறங்கியது. அடர்ந்த காடு இருக்கிற மலையே மரத்தோடு சரிவதைப் படத்தில் பார்க்கிறோம். வேர் என்ன பிடித்தது?

வெட்டிவேர்ப்பித்தன்

தானாக முளைத்த புல்லின் வேர் ஒரு சாண். சரிந்த அடுக்கு எத்தனை தடிமன்? வேரைவிட ஆழத்தில் சரிந்தால் வேர் எப்படிப் பிடிக்கும்? அது வேரின் குற்றமா?

ஈரமண்

இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறீர்கள். சரியும் பரப்பை வேர் தாண்டி, கீழே கெட்டியான மண்ணில் காலூன்றினால் ஆணி அடித்த மாதிரி. தாண்டவில்லை என்றால் வேரும் சவாரி போகும். ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் வழுக்குகிற மேலோட்டமான சரிவுகளில் வேரின் வேலை கண்கூடு. பத்து மீட்டர் ஆழத்தில் நகர்கிற சரிவுக்கு மேலே என்ன நட்டாலும் அது அலங்காரம்தான்.

பித்தன் சொல்ல மறந்த சில: வெட்டிவேருக்கு நிழல் ஆகாது, வெயில் வேண்டும். தூர் பிரித்து, 10 – 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, சமமட்டக் கோட்டில் வேலி மாதிரி நெருக்கமாக நட வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டால் நடுவில் தண்ணீர் வாய்க்கால் வெட்டிக்கொள்ளும். முதல் மூன்று நான்கு மாதம் கவனிப்பு தேவை. அதுவரை மேல்மண் அரிக்காமல் இருக்க, தென்னை நார் வலையை விரித்து முளை அடித்துவிடலாம். இரண்டு மூன்று வருடத்தில் அது மக்கிப்போகும், அதற்குள் வேர் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிடும்.

சந்தேகப்பேர்வழிக்கு ஒரு விஷயம். சரிவில் நிற்கிற மரத்தை வெட்டினால் வேர் உடனே சாகாது, மெதுவாக மக்கும். பழைய வேர் பிடி விட்டு, புது வேர் இன்னும் பிடிக்காத காலம் ஒன்று வரும், வெட்டிய மூன்றாவது வருடத்திலிருந்து பத்து பதினைந்து வருடம் வரைகூட. மரம் வெட்டினதை எல்லோரும் மறந்த பிறகுதான் சரிவு வருகிறது.

காட்டோரம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கத்து மலையில் காட்டுத்தீ வந்து போனது. அங்கேயும் இதே வழிதானா? வைக்கோல் பரப்பச் சொல்கிறார்கள்.

ஈரமண்

அது வேறு கதை. எரிந்த மண்ணில் மெழுகு மாதிரி ஒரு நீர் ஒட்டாத படலம் உண்டாகலாம், மழை உள்ளே இறங்காமல் அப்படியே மேலே ஓடும். ஓடும்போது சாம்பல், மண், பாறை எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். கலிபோர்னியாவின் மான்டசிட்டோவில் 2017 டிசம்பரில் தீ, 2018 ஜனவரி 9 அதிகாலையில் கனமழை, சேற்று வெள்ளத்தில் 23 பேர் போனார்கள். நடுவில் ஒரு மாதம்கூட நன்றாக முடியவில்லை. வைக்கோல் சாதாரண அரிப்பைக் குறைக்கும், ஓடையில் பாறையோடு வருவதை நிறுத்தாது. அதற்குக் கீழே தேக்கக் குழியும் வலைத் தடுப்பும் வேண்டும். அவற்றை ஒவ்வொரு முறையும் தூர்வார வேண்டும். நீங்கள் ஓடையின் வாயில் இருக்கிறீர்களா என்பதுதான் முதல் கேள்வி.

நிர்வாகி

காட்டோரம், இதற்குத் தனி இழை தொடங்குங்கள். நல்ல கேள்வி, இங்கே புதைந்துவிடும்.

மலையடிவீடு

மேல் மனைக்காரரிடம் பேசினேன். முதலில் "மூன்று வருடமாக நின்றதே, இப்போது மட்டும் என் மண்ணா?" என்று முறைத்துக்கொண்டார். சண்டை போடாமல் விரிசலைக் காட்டினேன். அவர் வீட்டு மதில் அந்த விரிசலுக்கு இரண்டு மீட்டர்தான் பின்னால். அதைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. கூரைக் குழாய்களைத் திருப்பிவிட ஒத்துக்கொண்டார்.

இந்த மழைக்காலம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை என்ன செய்வது?

ஈரமண்

கூரைக் குழாய்தான் பாதி வைத்தியம். 120 சதுர மீட்டர் கூரையில் 80 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 9,600 லிட்டர். இத்தனையும் இரண்டு குழாய் வழியாக அந்தக் குழிக்குள் போய்க்கொண்டிருந்தது. மூடிய குழாயில் சரிவைத் தாண்டிக் கீழ் வடிகால் வரை கொண்டுபோங்கள், பாதியில் விட்டால் இடம்தான் மாறும்.

விரிசலைக் களிமண்ணால் நிரப்பி இறுக்குங்கள். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, உச்சியில் ஆணி வைத்து, இடைவெளியை எழுதிவையுங்கள். தினமும் காலையில் ஓர் அளவு. மழைநாளில் பகலில் இரண்டு முறை, தூரத்திலிருந்து பார்க்க முடிந்தால் மட்டும்.

தார்ப்பாய் போடலாம். கூரை ஓடு மாதிரி கீழிருந்து மேலாக, மேல் பாய் கீழ்ப்பாயின் மீது ஏறும்படி. மேல் ஓரம் விரிசலுக்கும் பின்னால், ஒரு சிறு பள்ளத்தில் புதைய வேண்டும். மணல் மூட்டைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், முளை அடித்துப் பாயில் ஓட்டை போடாதீர்கள். பாயிலிருந்து வழிகிற தண்ணீர் அடியில் தேங்காமல் ஓட வழி செய்யுங்கள். இது ஒரு மழைக்காலத்துக்கு மட்டும்.

இடைவெளி கூடினால், கதவு திடீரென்று இறுகினால், இதுவரை தெளிவாகக் கசிந்த இடம் கலங்கினால், மின்கம்பமோ மரமோ சாய்ந்த மாதிரி இருந்தால், அளவு எடுத்துக்கொண்டு நிற்காமல் வீட்டை விட்டு வெளியேறுங்கள்.

சந்தேகப்பேர்வழி

மழை முடிந்ததும் சுண்ணாம்புத் தூளைச் சரிவில் தூவிவிட்டால் மண் கெட்டியாகும் என்கிறார்களே?

ஈரமண்

தூவினால் வெள்ளையாகும். சுண்ணாம்பு களிமண்ணோடு வினை புரிந்து கெட்டியாக்குவது உண்மை. ஆனால் உள்ளே கலந்து, ஈரம் பார்த்து, இறுக்கி, ஆறவிட வேண்டும். மணல் மண்ணில் அதற்கு வேலையே இல்லை.

மலையடிவீடு (ஐந்து மாதம் கழித்து)

எல்லோருக்கும் நன்றியோடு ஒரு தகவல். மழை முடியும்போது விரிசல் 11 மில்லிமீட்டர் கூடியிருந்தது, குழாயைத் திருப்பிய பிறகு அதில் 2 மட்டும்தான். உறிஞ்சுகுழியை மேல் மனைக்காரர் மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டார். நேரில் வந்து பார்த்த பொறியாளர் ஒருவர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். ஈரமண் அக்கா சொன்னதிலிருந்து பெரிய வித்தியாசம் இல்லை. கோடையில் வேலை நடந்தது.

தளர்ந்த மண்ணை மேலிருந்து கீழாகத்தான் எடுத்தோம். அந்தக் கறுப்பு அடுக்கை மண்வெட்டியால் சுரண்டி எடுத்தபோது அடியில் இருந்த பழைய தரை பளபளவென்று வழுவழுப்பாக இருந்தது. அதில் கை வைத்துப் பார்த்தேன், சோப்பு மாதிரி. அந்தத் தரையைப் படிக்கட்டாக வெட்டினோம், புது மண் வழுக்காமல் உட்கார. நசநசவென்று இருந்த இடத்தில் சிறு ஊற்று. அதற்கு ஜல்லி மெத்தை போட்டு வடிகுழாய்கள் வைத்தோம்.

அடிச்சுவருக்கு ஒரேயடியாகத் தோண்டவில்லை. இரண்டு மீட்டர் நீளத்துக்குத் தோண்டி, பெட்டி வைத்து, நிரப்பி, அப்புறம்தான் ஒன்று விட்டு அடுத்தது. மேஸ்திரி அண்ணன் சொன்னபடி ஒன்றரை மீட்டர் கம்பிவலைப் பெட்டிச் சுவர். மிச்சம் உயரம் 3.5 மீட்டர், கிடைமட்டம் 6 மீட்டர். 40 டிகிரி இப்போது 30 ஆகிவிட்டது. மிஞ்சிய மண்ணை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டோம்.

மண்ணை 20 சென்டிமீட்டர் அடுக்காகப் பரப்பி இறுக்கினார்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியானால் தண்ணீர் தெளி, பிசுபிசுத்தால் காயவிடு. ஒரு நாள் காலையில் சும்மா ஒரு தூறல், அன்று முழுக்க வேலையை நிறுத்திவிட்டார் பொறியாளர். எனக்குக் கோபம்தான் வந்தது. அடர்த்தி சோதனையில் எல்லா அடுக்கும், அதே மண்ணை ஆய்வகத்தில் இறுக்கினால் கிடைக்கிற உச்ச அடர்த்தியில் 95 சதவீதத்துக்கு மேல், ஒன்று மட்டும் 91 வந்து அதைக் கிளறி மறுபடி இறுக்கினார்கள். மேலே, கொட்டிய மண்ணைத் தாண்டிப் பழைய தரையில், சிமென்ட் பூசிய வாய்க்கால். சரிவில் நார் வலை, ஐந்து வரிசை வெட்டிவேர்.

வெட்டிவேர்ப்பித்தன்

ஐந்து வரிசை! போதும், நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

சரிந்தசுவர்

படிக்கட்டு வெட்டினது, ஊற்றுக்குக் குழாய் வைத்தது, இரண்டும்தான் எனக்குப் பொறாமை. வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்ற ஊரைப் பற்றிப் படித்துப் பாருங்கள். சுரங்கக் கழிவை மலையில் ஊற்றுக்கண் மேலேயே கொட்டி வைத்தார்கள். 1966 அக்டோபர் 21 காலை அது கூழாகி இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர், அதில் 116 குழந்தைகள். அங்கே ஊற்று இருப்பது ஊரில் தெரிந்த விஷயம்தான்.

மலையடிவீடு

நேற்று முதல் பெரிய மழை. சரிவு அசையவில்லை. ஆனால் வடிகுழாய்களில் வருகிற தண்ணீர் கலங்கலாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

ஈரமண்

முதல் மழைக்குக் கொஞ்சம் கலங்கும், ஜல்லியில் ஒட்டியிருந்த தூசி. தொடர்ந்து கலங்கினால் உள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு குழாயிலும் ஒரு புட்டி பிடியுங்கள். எண்ணும் தேதியும் எழுதி, ஒரு நாள் ஆடாமல் வைத்து, அடியில் எவ்வளவு படிகிறது என்று பாருங்கள். மூன்று மழைக்குச் செய்யுங்கள்.

மலையடிவீடு

மூன்று மழை ஆயிற்று. ஆறு குழாயில் ஐந்து தெளிந்துவிட்டன. இடமிருந்து நாலாவது மட்டும் மூன்றாவது மழைக்கும் ஒரு விரற்கடை வண்டல்.

கருங்கல்மேஸ்திரி

அந்த இடத்தில் துணி ஒட்டு வருகிறதா தம்பி? ஒன்றன் மேல் ஒன்று ஒரு முழமாவது ஏற வேண்டும். அவசரத்தில் அங்கேதான் கோட்டை விடுவார்கள். மழை விட்டதும் திறந்து பாருங்கள்.

மலையடிவீடு

அண்ணன் சொன்ன இடம்தான். இரண்டு துணி சேருகிற இடத்தில் நாலு விரல்கூட ஏறவில்லை, நடுவில் கை நுழைகிறது. உள்ளே ஒரு தேங்காய் அளவுக்கு மண் போய்ப் பொந்தாகியிருந்தது. மண்ணை இறுக்கி, துணியைத் தைத்து, மேலே இன்னொரு துண்டு போட்டு, ஜல்லியை மறுபடி அடுக்கிவிட்டோம்.

நேற்றிரவு நல்ல மழை. நாலாம் எண் புட்டி ஜன்னலில் இருக்கிறது. இப்போது பார்த்தால் அடியில் மெல்லிய கோடு மாதிரிதான் தெரிகிறது. அடுத்த மழைக்கும் பிடித்துவிட்டு எழுதுகிறேன்.